கூட்டை மூடியிருந்த பாசி

போன மார்கழியில் நடந்தது. பீர்க்கன்கரணை ஏரிக்கு ஞாயிறு காலையில் பறவை பார்க்கப் போவேன். ஆபீஸ், சமையல், டிரெயின் என்று ஓடுகிறவளுக்கு வாரத்தில் அந்த ரெண்டு மணி நேரம்தான் நிம்மதி. அன்றைக்குச் சரியான பனி, ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது.

கரையிலிருந்து முப்பதடி தள்ளி, தண்ணீரில் மிதக்கிற ஒரு கூடு. முக்குளிப்பானுடையது. புறாவைவிடச் சின்னதாக, குட்டி வாத்து மாதிரி இருக்கும். பைனாகுலரில் நாலு முட்டை தெரிந்தது. அது கூட்டைவிட்டு இறங்கும்போதெல்லாம் ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் இறங்கும். காக்கா கண்ணில் படக் கூடாதே.

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூட்டைப் பார்த்தால் இடத்தைச் சொல்லக் கூடாது. தெரிந்தும் போட்டோவோடு லொகேஷனையும் தட்டிவிட்டேன். நானாகக் கண்டுபிடித்த முதல் கூடு, நாலு பேர் பாராட்டட்டுமே என்ற அற்ப ஆசை. அட்மின் உடனே அழிக்கச் சொன்னார். நம்ம ஆட்கள்தானே என்று சாயங்காலம்தான் அழித்தேன்.

அடுத்த ஞாயிறு போனால், ஒரு ஆள் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கூட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரில் நிற்கிறார். கழுத்தில் பெரிய கேமரா. முட்டைகளை மூடியிருந்த பாசியை மொத்தமாக வழித்து ஓரத்தில் போட்டிருந்தார். பறவை தூரத்தில் முங்குவதும் எழுவதுமாகத் தவித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"எதுக்கு சார் அதை எடுத்தீங்க?"

"ஒரே குப்பையா இருந்துச்சு மேடம். முட்டை கிளியரா தெரியல, அதான் க்ளீன் பண்ணேன்."

குப்பையாம். வாக்கிங் வந்தவர்களெல்லாம் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஆத்திரத்தில், இந்தக் கூட்டைக் கண்டுபிடித்ததே நான்தான் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் நிதானமாகக் கரையேறினார். "அப்ப லொகேஷன் போட்டது நீங்கதானா? எனக்கு ஃபார்வர்டா வந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் வேளச்சேரியிலேருந்து வரேன்."

அதற்குள் ரெண்டு காக்கா கூட்டில் இறங்கிவிட்டன. துப்பட்டாவை வீசிக்கொண்டே தண்ணீரில் இறங்கி ஓடினேன். சேற்றில் கால் புதைந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் நாலு முட்டையும் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த ஆள் அதையும் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அவரை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் பாசி எதற்கென்று தெரியாமல் எடுத்த அவரைவிட, எல்லாம் தெரிந்தே இடத்தைச் சொன்ன என்மேல்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.