கடைசி வரிசை மாணவி

என் மனைவி பௌத்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்றால் எவன் நம்புவான்? ஐம்பத்தெட்டு வயது, மூட்டு வலி, சாவியை எங்கே வைத்தோம் என்பதே நினைவிருக்காது. மாலை நேரப் பட்டயப் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். தர்மத்துக்காகவும் இல்லை, பாலி மொழிக்காகவும் இல்லை. அங்கே பாடம் நடத்துகிற பிக்கு எங்கள் ஒரே பிள்ளை.

பதினெட்டு வயதில், நான் தைத்துக் கொடுத்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் துறவியாகப் போனான். எனக்குக் கோபம். தையற்கடை உண்டு, நான் உண்டு என்று இருந்துவிட்டேன். அவளோ அவன் இருந்த விகாரைக்குப் போவாள், கூட்டத்தோடு கூட்டமாகக் கும்பிடுவாள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவாள்.

வகுப்பென்றால் வாரத்தில் மூன்று மணி நேரம் பார்க்கலாம். முன்வரிசையெல்லாம் பிக்குகளுக்கு, இவளுக்குக் கடைசி பெஞ்சுதான். மின்விசிறி சுற்றும். சாய்ந்த வெயில் கரும்பலகையில் மெல்ல ஊரும். தூரத்து மேடையில் கொஞ்சம் காவி, ஒரு குரல், அவ்வளவுதான்.

“இன்னைக்கு என்ன பாடம்?” என்று சீண்டுவேன்.

“யாருக்குத் தெரியும்? குரல் அது பாட்டுக்குத் தண்ணி மாதிரி போய்ட்டிருந்துச்சு. நான் அதுலயே கெடந்தேன்.”

வீட்டுக்கு வந்தும் அரைமணி நேரத்துக்கு அவள் கால் தரையில் பாவாது.

படிப்பு இரண்டு வருஷம். ஆனால் ஒரு தாளில் தேறாவிட்டால், தேறும்வரை அந்த வகுப்பில் மட்டும் உட்காரலாம். விடுவாளா? பற்றைப் பற்றி அவன் நடத்துகிற தாளை இரண்டு முறை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். “பற்றை விடுறது எப்படின்னு கேட்டிருந்தாங்க. நான் கேள்வியையே விட்டுட்டேன்” என்று சிரிப்பு வேறு.

மூன்றாம் முறை தேர்வு முடிந்து வந்தபோது விரலெல்லாம் மை. ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தாள். மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்தேன்.

ஒரு மாதம் கழித்து, பல்கலைக்கழக எழுத்தர் தன் கால்சட்டையை நீளம் குறைக்கக் கடைக்கு வந்தார். “அம்மா பாஸ்! எண்பத்தொண்ணு மார்க்கு. இனிமே வகுப்புக்கு வர வேண்டியதில்ல, சர்டிஃபிகேட்ட மட்டும் வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.”

ஓடிப்போய் வீட்டில் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“பாஸானதுக்கு ஒப்பாரி வெக்கிறவள இப்பத்தான் பாக்குறேன். எதுக்குடி எழுதித் தொலைச்ச?”

“நெனச்சா எழுதினேன்? அன்னைக்கு ஹால்ல அவன்தாங்க மேற்பார்வை. அடிஷனல் ஷீட்டு கேட்டா அவனே கொண்டாந்து மேசைல வெக்கிறான். ஒண்ணு கேட்டேன், வந்தான். மறுபடி வரணும்னா இத நிரப்பணுமில்ல? காதுல விழுந்து கெடந்ததெல்லாம் எழுதினேன். கைய தூக்கினேன். வந்தான். மறுபடி எழுதினேன். ஒம்பது தடவ வந்தாங்க, இதோ, இவ்வளவு கிட்டத்துல. பாஸாயிடுவோம்னு அப்ப தோணவே இல்ல. இனிமே நான் எந்த வகுப்புக்குப் போவேன்?”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கிட்டத்துல எப்படிடீ இருக்கான்?”

பதினேழு வருஷத்தில் நான் அதைக் கேட்டது அன்றுதான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“புருவத்துல ஒரு முடி நரைச்சிருக்குங்க” என்றாள்.