உப்பில் அசைந்த ஆக்டின்

நெல் வேரில் ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க, அசையாத இன்னொரு மரபணுவோடு அதை ஒப்பிட வேண்டும். நிலம் அளப்பவர் சர்வே கல்லிலிருந்து சங்கிலி பிடிப்பதைப் போல. கல் நகர்ந்திருந்தால் அளவு முழுவதும் பொய். வரைபடம் மட்டும் அழகாக வரும்.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் அந்தக் கல்லுக்குப் பெயர் ஆக்டின். வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வந்த முதல் ஆள் கொண்டுவந்தது. அதன்பின் எல்லோருக்கும் அதுவே குலதெய்வம். அது அசைகிறதா என்று இலையில் ஒருமுறை சோதித்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் வளர்ந்த வேரில் சோதிப்பதா? குலதெய்வத்திடம் யார் சாட்சி கேட்பார்கள்?

எனக்குக் கீழ் இருந்த ஆய்வாளர் வலங்கைமான் பக்கத்துப் பெண். பெற்றோர் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஊரில் பாதிப்பேர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். இவருக்கு ஜெர்மனியில் ஓர் ஆய்வக வேலை கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. உப்பில் ஒரு மரபணு பல மடங்கு ஏறுகிறது என்று அவர் அனுப்பிய வரைபடத்தை நம்பித்தான். கடைசிப் பேட்டி ஒரு நாள் மாலை, போனில்.

அன்று காலையில் வெளுத்த முகத்தோடு வந்தார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. உப்பு போட்ட வேர் எல்லாத்துலயும் ஆக்டினே கம்மியா வருது."

ஆக்டின் இறங்கினால், அதோடு ஒப்பிடுவது எதுவும் ஏறியதாகத்தான் தெரியும்.

"எல்லாத்துலயும் ஆர்.என்.ஏ. ஒரே அளவாப் போட்டீங்களா?"

"நீங்கதானே சார் பக்கத்துல நின்னு குடைஞ்சுக்கிட்டே இருந்தீங்க."

"பேட்டி முடியட்டுமே. நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்குப் பாத்தா இன்னும் பயமா இருக்கும் சார்."

அதே வேர்களில் கல்லாக நிற்கக்கூடிய வேறு மூன்று மரபணுக்களையும் சேர்த்து இயந்திரத்தில் ஓட்டினோம். கரண்ட் போகட்டும் என்று என் உத்தியோகக் காலத்தில் அன்றுதான் வேண்டிக்கொண்டேன். அன்று பார்த்து போகவில்லை.

திரையில் கோடுகள் எழுந்தன. இரண்டு மரபணுக்களுக்கு உப்பு வேரின் கோடும் நல்ல தண்ணீர் வேரின் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. மூன்றாவது கொஞ்சம் ஆடியது. ஆக்டினின் கோடுகள் தனித்தனியே விலகி நின்றன. அசையாத அந்த இரண்டை வைத்துக் கணக்குப் போட்டதும், அவர் ஆராய்ந்த மரபணு ஏறவே இல்லை.

"தண்ணி குடிங்கம்மா," என்றேன்.

போன் அடித்ததும் நின்றுகொண்டே எடுத்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்திருந்தேன். வணக்கம் சொன்ன கையோடு, அனுப்பிய வரைபடம் தவறு, காரணம் இது, என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்; சுருக்கமாகப் பதில் சொன்னார்.

"என்ன சொன்னாங்க?"

"கலந்து பேசிட்டுச் சொல்றாங்களாம் சார்."

இதே வாக்கியத்தை நானே எத்தனையோ பேரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஜெர்மனியில் அதற்கு வேறு பொருள் இருக்கட்டும் என்று நினைத்தேன். இல்லை. சில நாளில் வேண்டாம் என்றே பதில் வந்தது.

"அப்பா ஊரு முழுக்கச் சொல்லி வச்சிருக்காரு சார். நீங்க வந்து அவர்கிட்டச் சொல்றீங்களா?"

போனேன். வலங்கைமான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அவர் அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சர்வே கல்லிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.