ஒரு நிமிடத்தில் முடிந்த பயிற்சி

கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஆள் வேண்டிய நாளில் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். அன்றைய வேலைக்கான பாதுகாப்புப் பயிற்சி மலையாளத்தில் என் போனில் வரும். மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. பயிற்சி முடிவில் வரும் கேள்விகளுக்கு சூப்பர்வைசரே பதில் அமுக்கித் தருவார்.

அன்று ஒரு தொட்டியைக் கழுவும் வேலை. நான் கேட்காமலே போனை வாங்கினார். ஒரே நிமிடத்தில் பச்சை டிக் விழுந்தது. போனைத் திருப்பித் தந்தார்.

“செல்வராஜே, நீ பாஸாயல்லோ. தொட்டிக்குள்ள எறங்கிக்கோ!”

ஏன் இந்த அவசரம்? மனசுக்குள் நெருடியது. பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு, வாட்ச்மேனிடம் பயிற்சியை வாசிக்கச் சொன்னேன். மூடிக் கிடந்த தொட்டியில் விஷவாயு இருக்கலாம், சோதிக்காமல் இறங்கக்கூடாது என்றிருந்தது.

சோதித்தால்தான் இறங்குவேன் என்றேன். முனகிக்கொண்டே வாயுவை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார்கள். அது அலறியது.

இப்போது ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பதிலை நானே அமுக்குகிறேன். அன்று பாஸானது அவர். இறங்க இருந்தது நான்.