அவசரம் இல்லை

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் நான் டிசைனராக இருந்தேன். டிசைனர் என்பது நான் சொல்லிக்கொள்வது. முதலாளி வாடிக்கையாளர்களிடம் "சிஸ்டம் மீத கூர்ச்சுனே அம்மாயி" என்பார். சிஸ்டத்தில் உட்காரும் பெண். உட்கார்வதுதான் வேலை என்பதுபோல.

உட்கார்ந்த இடம் ஜன்னல் இல்லாத உள்அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டிங் மெஷின் ஓடும். மை வாசனை மத்தியானச் சோற்றில் ஏறிவிடும். காதுகுத்து, பிறந்தநாள், தலைவர் வருகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் போகும். தலைவர் முகம் பெரிதாக, பணம் கொடுத்தவர் முகம் அதைவிடக் கொஞ்சம் சிறியதாக, மஞ்சள் எழுத்து, பறக்கும் புறா. புறா வேண்டாமே சார் என்று ஒருமுறை சொன்னேன். "வேற கடையில போய் சொல்லு. ஒன்பதாங்கிளாசுக்கு யார் வேலை குடுப்பாங்கன்னு பாப்போம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அது என்னோடேயே தங்கிவிட்டது.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். எங்கள் சித்தூர்ப் பள்ளியில் தமிழ் மீடியம் அத்தோடு முடிந்தது. தெலுங்கு வகுப்பில் போய் உட்கார்ந்தேன், கரும்பலகை புரியவில்லை. ஒருநாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

என் அண்ணன் பெங்களூரில் கார் ஓட்டினான். கம்பெனி ஆட்களை வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோய் விடும் வேலை. பின்சீட்டில் அவர்கள் பேசுவதெல்லாம் அவன் காதில் விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னான்.

"ஏய், இவங்கள்லாம் சர்ட்டிபிகேட் கேக்கறதில்ல. லிங்க் கேக்கறாங்க."

"லிங்க்னா இன்னா?"

"நீ பண்ண வேலையெல்லாம் நெட்ல ஒரே எடத்துல போட்டு வெச்சிருக்கணும். போர்ட்ஃபோலியோன்னு பேரு. ஒலகமே பாக்கலாம்."

உலகமே பார்க்கலாம் என்றதுதான் எனக்கு இடித்தது. உலகத்தில் முதலாளியும் இருந்தாரே.

இருந்தாலும் ஆரம்பித்தேன். இலவசமாகப் பக்கம் கட்டித் தரும் ஒரு தளத்தில், ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து, செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில். எதைப் போடுவது என்று பார்த்தபோதுதான் தெரிந்தது, இத்தனை வருடம் செய்ததில் என்னுடையது என்று எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் முகம். கீழே கடையின் பேர், கடையின் நம்பர். கட்சிக்காரர்கள் பார்த்துச் சண்டைக்கு வந்தால்? இறந்தவரின் மகன் பார்த்து, எங்கப்பாவை வைத்து வேலை தேடுகிறாயா என்று கேட்டால்?

ஆகவே முகங்களை எடுத்தேன். ஒவ்வொரு பேனரிலும் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வைத்தேன். பேர்களை அழித்தேன், கடை நம்பரை அழித்தேன். கடைசியில் மாலையும் புறாவும் கும்பிட்ட கைகளும் மட்டும் மிஞ்சின. அவற்றுக்கு நடுவில் வெறும் வட்டங்கள். பார்க்கவே பயமாக இருந்தது. கல்வி என்று கேட்ட இடத்தில் 'திருப்பதி' என்று மட்டும் போட்டேன். பொய் இல்லை, டிசைன் கற்றுக்கொண்டது இங்கேதானே. என் பேரைப் போடவில்லை. ஒரு மெயில் ஐடியும், அண்ணன் திட்டிய பிறகு ஒரு போன் நம்பரும் போட்டேன்.

லிங்கைச் சில கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டு, காலையில் கடைக்குக் கிளம்பும்போது பக்கத்தை மறைத்துவிடுவேன். சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்து திறப்பேன். முதலாளி கடையில் இருக்கும் நேரத்தில் அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணனிடம் சொன்னேன்.

"அறிவிருக்குதா ஒனக்கு? ஆபீஸ்காரங்க எப்ப பாப்பாங்க? ஆபீஸ் டைம்லதான! நீ கடைய தொறந்தா போர்ட்ஃபோலியோவ மூடிக்கினு கீற."

"அவர் பாத்துட்டா?"

"அவுரு நெட்ல கிரிக்கெட்டு ஸ்கோர் தவிர இன்னாத்த பாக்கறாரு?"

அது நிஜம்தான். மறுநாள் மறைக்காமல் போனேன். அன்று முழுவதும் முதலாளி போனை எடுத்தபோதெல்லாம் அதில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தேன்.

அந்த வாரமே சென்னையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். விளம்பரக் கம்பெனி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு, குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல நின்றேன்.

"அந்த முகம் இல்லாத பேனர்ஸ் பண்ணது நீங்கதானே? செம ஐடியாங்க. எங்க டீம்ல எல்லாரும் பாத்தோம். யாரைக் கொண்டாடறோம்னே தெரியாம கொண்டாடறோம், அதானே சொல்ல வரீங்க?"

பயத்தில் செய்தது என்று எப்படிச் சொல்வது? ஆமாங்க என்றேன்.

"நல்லது. இங்க வர்றவங்க எல்லாருக்கும் ஒரு சின்ன டெஸ்ட் இருக்கும். ஒரு டீக்கடைக்கு பேனர் பண்ணணும். ஆனா அவசரம் இல்லம்மா, சரியா? அப்புறம் பேசலாம்."

சரிங்க என்றேன். வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அவசரம் என்றால் தேவை. தெலுங்கில் அப்படித்தான், அது எங்கள் தமிழிலும் ஊறிவிட்டது. அம்மா இன்னொரு கரண்டி சோறு போட வந்தால் "அவசரம் இல்ல" என்று தட்டை நகர்த்துவோம். சீக்கிரம் என்பதற்கு எங்களுக்கு வேறு சொல், தொந்தரை. முதலாளி ஒரு நாளைக்கு எத்தனையோ முறை என்னிடம் "அவசரம் லேதம்மா" என்பார். புறாவை எடுக்கட்டுமா என்றால் அவசரம் லேது. ஃபேன் மாற்றலாமா என்றால் அவசரம் லேது. அந்தச் சொல் என் காதில் விழுந்தாலே ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.

எல்லாருக்கும் டெஸ்ட் உண்டு, உனக்குத் தேவையில்லை. எனக்குக் கேட்டது அதுதான். கல்வி என்ற இடத்தில் திருப்பதி என்று போட்டதைப் பார்த்துவிட்டார்கள். மரியாதையாக ஒதுக்குகிறார்கள்.

அண்ணனிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவன் போனிலேயே கத்தினான்.

"அட லூசு! எல்லாருக்கும் டெஸ்ட்டு, ஒனக்கு அவசரம் இல்லன்னா இன்னா அர்த்தம்? டெஸ்ட் இல்லாமயே எடுத்துக்கினாங்க! பொட்டிய கட்டு!"

அவனும் சித்தூர்க்காரன்தானே. ஒரே சொல்லை நான் இருட்டுப் பக்கமாகவும் அவன் வெளிச்சப் பக்கமாகவும் வைத்துக்கொண்டோம். இரண்டு பேரில் ஒருவருக்கும் சென்னைக்காரி சொன்னது கேட்கவில்லை. அவன் பேச்சைக் கேட்டு நான் பெட்டியைக் கட்டவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை வெளியே இழுத்து, தூசி தட்டி, சுவரோரம் வைத்தேன். தினம் அதைப் பார்த்துக்கொண்டே போனுக்குக் காத்திருந்தேன். டீக்கடை பேனர் பக்கம் போகவே இல்லை.

மாதம் ஒன்று ஓடியது. பிறகு மெயில் வந்தது. உங்கள் டெஸ்ட் வராததால் வேறு ஒருவரை எடுத்துவிட்டோம், வாழ்த்துகள். நான் யாருக்கும் போன் செய்கிறவள் இல்லை. அன்று செய்தேன்.

"நீங்கதான மேடம் அவசரம் இல்லன்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா, அவசரம் இல்ல, மெதுவா பண்ணுங்கன்னு சொன்னேன். பண்ணவே வேணாம்னா சொன்னேன்?" அவர் குரலில் எரிச்சல் இல்லை, நிஜமாகவே புரியாத குரல். எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். தமிழ் தெரியாத பெண் என்று நினைத்துக்கொள்வாரோ என்று நிறுத்திவிட்டேன். "பரவால்லம்மா, எடம் காலியானா பாக்கலாம்" என்றார்.

போனை வைத்ததும் உள்அறைக்கு வந்து உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்கார்வது? அன்றைக்கு நாகலாபுரத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். தமிழ்க்காரர். கையில் பிளாஸ்டிக் கவரில் ஒரு போட்டோ. அவருடைய நைனா, அதாவது அப்பா, காலையில்தான் போயிருந்தார்.

"கண்ணீர் அஞ்சலிம்மா. அவசரம்" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். "சீக்கிரமா வேணுமா, இல்ல வேணும்னு மட்டும் சொல்றீங்களா?"

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. கவரிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினார்.

"ரெண்டுந்தாம்மா" என்றார்.

போட்டோவை வாங்கி ஸ்கேன் செய்தேன். ஆள் ஏதோ கல்யாணத்தில் பாதி திரும்பி நின்றுகொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்களை நீக்கி, காதோரம் முடி போகாமல் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். நடுவில் பெரிதாக வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி, புறா போட்டாயா என்று கேட்டார்.

போட்டேன்.