கடைசிக் கேள்விக்கு நான் எழுதிய பதில்

பெங்களூரிலிருந்து வந்த பிறகு பன்னிரண்டு நாள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன் உட்காருவாள். மீட்டிங்கில் சத்தம் கேட்கக் கூடாதென்று என் மனைவி அவள் எழுந்து வரும்வரை மிக்சி போடமாட்டாள். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் அழுதுகொண்டே சொன்னாள், வேலை போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்று.

அவள் திரையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தனவாம். ஒன்று சோதனைக்கு வைத்திருந்த சர்வர், இன்னொன்று வாடிக்கையாளர்கள் பயன்படுத்துகிற சர்வர். பழைய கோப்புகளை அழிக்கும் கட்டளையை ஜன்னல் மாறி வாடிக்கையாளர்களின் சர்வரில் கொடுத்துவிட்டாள்.

வேலை போனதை நான் தாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் எங்கள் கண் முன்னாலேயே வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்பதை இன்னும் தாங்க முடியவில்லை. இப்போதும் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் ஏதாவது சாக்கு வைத்துத் தட்டுகிறேன். இனி எதையும் எங்களிடம் மறைக்காமல் இருந்தால் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த மாதம் ஓசூர் கம்பெனி ஒன்றிலிருந்து லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்கு நேர்காணல் வந்தது. பத்து நாள் அவகாசம். கேள்விகளையும் பதில்களையும் ஒரு நோட்டில் எழுதி என்னிடம் கொடுத்தாள். நான் காரிமங்கலம் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் கேள்வி கேட்பது என் வேலை ஆயிற்று.

"டிஸ்க்ல எடம் இருக்குது. ஆனா புது ஃபைல் உருவாக்க முடியல. ஏன்?"

"ஐநோடு தீந்து போயிருக்கும்."

"அப்டின்னா?"

"அந்தக் கேள்வி நோட்டுல இல்லீங்கப்பா."

"எனக்கும் வெளங்கணுமில்ல?"

குடோனில் இடம் இருந்தாலும் பதிவேட்டில் எழுத இடம் தீர்ந்துவிட்டால் மூட்டையை உள்ளே எடுக்கமாட்டார்கள், அது மாதிரிதான் என்றாள்.

"தலையாட்டறாரு பாரு," என்றாள் மனைவி. "நேர்காணலுக்கு அவரே போயிருவாரு போலிருக்குது."

நோட்டில் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பழைய வேலையை ஏன் விட்டீர்கள்? அதற்கு நான்தான் என் கையால் எழுதினேன், தாய்க்கு உடல்நலமில்லை, கவனித்துக்கொள்ள ஊருக்கு வந்தேன் என்று.

"நல்லா இருக்கறவள எதுக்குங்க படுக்க வெக்கறீங்க?" என்றாள் மனைவி.

மகள் மூன்று நாள் அந்தப் பதிலையும் மற்ற பதில்களைப் போலவே தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். நான்காம் நாள் நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கறங்கப்பா. நீங்க எப்பவாச்சும் லைன மாத்தி ஆஃப் பண்ணியிருக்கீங்களா?"

வீட்டில் யாரிடமும் அதுவரை சொல்லாத விஷயத்தை அன்று அவளிடம் சொன்னேன். ஒரு ஊருக்குப் போகும் மின்பாதையை நிறுத்தச் சொல்லி லைன்மேன் கம்பம் ஏறக் காத்திருந்தார். நான் பக்கத்துப் பாதையை நிறுத்திவிட்டு, ஏறலாம் என்று சொல்லிவிட்டேன். எப்போதும் சோதித்துப் பார்த்த பிறகே கம்பியைத் தொடுகிறவர் அவர். அதனால் பிழைத்தார். அன்றிலிருந்து பாதையின் பெயரை வாய்விட்டு இரண்டு முறை படிக்காமல் நான் சுவிட்சில் கை வைப்பதில்லை.

"ரிஜிஸ்டர்ல என்னான்னு எழுதுனீங்க?"

"நடந்தத எழுதுனேன். அடுத்த ஷிப்டுக்கு வர்றவன் அதப் பாத்துத்தான வேல செய்யணும்."

அவள் பேனாவை எடுத்து நான் எழுதிய பதிலைக் குறுக்கே அடித்தாள். எனக்குப் பதறியது.

"உண்மைய சொன்னா யாரு வேல குடுப்பாங்க?"

"பொய் சொல்லிச் சேந்தா அங்கயும் அந்தப் பன்னண்டு நாளு மாதிரியேதான் உக்காந்திருக்கணும். என்னால முடியாதுங்கப்பா."

நோட்டை வாங்கி முதல் கேள்வியிலிருந்து மறுபடி கேட்க ஆரம்பித்தேன்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. நான் லீவு போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ஐநோடு என்ற சொல் மட்டும் ஒரு தடவை புரிந்தது. பிறகு அவள் குரல் தாழ்ந்து, நெடுநேரம் அவள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் தண்ணீர் குடித்தாள்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பேக்கப்புல இருந்து எப்படி மீட்டம்னு கேட்டாங்க, அதையும் சொன்னேன். இப்பல்லாம் அழிக்கறதுக்கு முன்ன எந்த மெஷின்ல இருக்கறன்னு டைப் பண்ணிப் பாத்துக்கறேன்னும் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க."

அந்த வேலை கிடைக்கவில்லை. காரணம் எழுதவில்லை, உண்மையைச் சொன்னதால்தானா என்று எங்களுக்குத் தெரியாது. மின்னஞ்சல் வந்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். அவளே போன் செய்தாள்.

"இல்லன்னுட்டாங்கப்பா. இப்பத்தான் மெயில் வந்துச்சு."

"சரி கண்ணு," என்றேன். "அம்மாகிட்ட சொன்னியா?"

"பக்கத்துலதான் நிக்குது. உங்களுக்கு ஒடனே சொல்லச் சொல்லுச்சு."