யார் அந்த வேரமணி?

கிருமாம்பாக்கம் பக்கம் எங்கள் காலனிக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புத்த வந்தனம் நடத்தியவர் ஒயரிங் வேலை செய்பவர். ஒல்லியான ஆள். வந்தனத்துக்குப் போட்டு வரும் வெள்ளைச் சட்டைப் பையிலும் டெஸ்டர் இருக்கும். உட்காரும் முன் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து வைப்பது அவர் வழக்கம்.

அந்த வாரம், ஊர்த்தெரு வழியாக பைக்கில் போனான் என்று எங்கள் பையன் ஒருவனின் மண்டையை உடைத்திருந்தார்கள்.

"இன்னிக்காவது கதவ சாத்திடலாம்ணே" என்றேன். அவர் கேட்கவில்லை.

பஞ்சசீலத்தைப் பாலி மொழியில் சொல்லத் தொடங்கினோம். கொல்லாமை, திருடாமை என்று ஒவ்வொரு சீலத்திலும் 'வேரமணி' என்ற சொல் வரும். பாதியிலேயே பைக்குகள் வந்து நின்றன. இரும்புக் குழாயோடு ஒருவன் படியேறினான்.

"யார்ரா இங்க வேரமணி? வாரா வாரம் அவன் பேரத்தான கத்தறீங்க. அவன்தான உங்களத் தூண்டி வுடறவன்?"

ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் எழுந்தார்.

"நான்தாம்பா. இன்னா வேணும்?"

அவன் செல்போனில் அவர் முகத்தைப் படம் பிடித்தான். "வச்சிக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"பொய் சொல்றதும் சீலத்துக்கு ஆகாதேண்ணே" என்றேன்.

"வேரமணின்னா விலகி நிக்கறது. மண்ட ஒடஞ்ச அன்னிக்கு நம்ம பசங்க கட்டய எடுத்தப்ப வாணாம்னு விலகி நின்னவன் நான். இதுல பொய் இன்னா கீது?"

இப்போதும் அந்தச் சொல் வரும்போது எங்கள் குரல் தானாக இறங்கிவிடுகிறது. அவர் குரல் மட்டும் திறந்த கதவு வழியாகத் தெருவுக்குப் போகிறது.