பதினேழாம் எண் பச்சைக் கார்

பணக்கார வீட்டுப் பழைய காருக்குள் என்ன இருக்கும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எலிப்புழுக்கை. காக்களூரில் டிங்கர் ஷெட் போட்டு இருபத்தைந்து வருடமாகத் தகரம் தட்டுகிறேன். அந்த இரண்டு சீட்டு இங்கிலாந்துக் கார் வந்து இறங்கிய அன்று அடித்த நாற்றம் போல எங்கேயும் கண்டதில்லை. சீட்டின் தோலைக் கிழித்து உள்ளே எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. கதவைத் திறந்ததும் செத்த குட்டி ஒன்று என் செருப்பின்மேல் விழுந்தது. காரின் சொந்தக்காரர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "இது எங்க அப்பாவோட உயிர், மாஸ்டர்" என்றார். உயிரை இப்படியா வைத்திருப்பார்கள்?

அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு நாளன்று ஆலைப் புல்வெளியில் காரை நிறுத்தி, அப்பா ஓட்டிய பந்தயங்களைப் பற்றி ஒரு புத்தகமும் போடப் போவதாகச் சொன்னார். "புதுசாப் பொறந்த குழந்தை மாதிரி இருக்கணும்" என்றார்.

குமட்டலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதைச் செய்தவன் கெட்டிக்காரன்தான். கட்டில் செய்கிற மாதிரி மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தகரத்தைப் போர்த்தியிருந்தான். முழங்கை வெளியே நீட்டி வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்க வசதியாக, கதவின் மேல்பக்கம் பள்ளமாக வெட்டப்பட்டிருந்தது. காற்று தடுக்காமல் இருக்க முன்கண்ணாடியைப் பானெட்டின்மேல் படுக்கப்போட்டுவிடலாம். சூடு வெளியேற பானெட்டின் பக்கவாட்டில் வரிசையாகக் கீற்றுகள். சக்கரத்துக்கு ஒரே நட்டுதான், இரண்டு காது வைத்தது. சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும். இன்ஜின் மட்டும் பந்தயத்துக்கென்று பிறந்ததில்லை. சாதாரணக் குடும்பக் காரின் இன்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர் மாட்டி முறுக்கேற்றியிருந்தார்கள்.

இந்த மாதிரிக் காரை இங்கிலாந்தில் பந்தயத்துக்கு வீட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு போவார்களாம். களத்தில் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இங்கே வந்த கார்களையும் அப்படித்தான் ஓட்டினார்கள், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில். வளைவுகளில் தடுப்பாக வைக்கோல் கட்டு அடுக்கப் பக்கத்து ஊர்களிலிருந்து கூலிக்கு ஆள் பிடிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அப்படிப் போனவள் என் அம்மா. வளைவில் பிடி தவறிய ஒரு பச்சைக் கார் தடுப்புத் தூணில் மோதி, நடுவில் சிக்கிய அவள் இடது காலை முட்டிக்குக் கீழே முறித்தது. ஓட்டியவன் இறங்கி வந்து முதலில் காரின் மூக்கைத்தான் தடவிப் பார்த்தானாம். கால் கோணலாகவே கூடியது. அந்தக் காரின் நம்பர் பதினேழு என்பதை மட்டும் அவள் மறக்கவேயில்லை.

காரின் சிவப்புப் பெயின்ட்டைச் சுரண்டியபோது அடியில் பச்சை வந்தது. ஒரு நொடி என் கை நின்றது. இங்கிலாந்துப் பந்தயக் காருக்கெல்லாம் பச்சைதானே சீருடை, நாட்டில் ஒரே ஒரு பச்சைக் காரா இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடது முன்பக்கம் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உள்ளே ஒடுங்கி, அதன்மேல் யாரோ ஒரு பட்டையை வைத்து அசிங்கமாக வெல்டு அடித்திருந்தார்கள். எங்கே இடித்தது என்று சொந்தக்காரரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்படி ஒரு வேலை இனி இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்ற ஆசை வாயை அடைத்துவிட்டது. பட்டையை வெட்டி எடுத்தேன். சூடு காட்டி, ஒடுங்கிய டொக்கை எடுத்து நிமிர்த்தினேன். மூன்று நாள் உட்கார்ந்து அரத்தால் ராவினேன். கடைசியில் விரலால் தடவினாலும் தெரியவில்லை. அன்று எனக்கு அப்படி ஒரு கர்வம்.

நினைவு நாளன்று புல்வெளியில் கார் பளபளவென்று நின்றது. வந்தவர்கள் கோழிக்காலைக் கடித்த எண்ணெய்க் கையோடு என் பெயின்ட்டைத் தடவிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், பாதி தமிழ், பாதி ஆங்கிலம். நடுப்பக்கத்தில் பழைய படம்: அதே கார், மட்கார்டு இல்லாமல், பானெட்டில் வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் பதினேழு. கீழே எழுதியிருந்தது: 'சோழவரத்தில் முன்னணியில் இருந்தபோது, வளைவில் எருமை ஒன்று குறுக்கே வந்ததால் உறுதியான வெற்றி கைநழுவியது.'

இரண்டு தடவை படித்தேன். என்னைப் பெற்றவளை எருமை என்று அச்சடித்து, விருந்துக்கு வந்தவர்களுக்கு இனிப்போடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சொந்தக்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன். "சார், அது எருமை இல்ல. எங்க அம்மா. கால் போச்சு. அடுத்து அச்சடிக்கும்போதாவது மாத்திடுங்க."

அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "அப்பா சாகுற வரைக்கும் எருமைன்னுதான் சொன்னாரு, மாஸ்டர். அவர் பொய் சொல்ற ஆள் இல்ல. வண்டிய முழுசாப் பிரிச்சது நீங்கதானே? ஆளை இடிச்சதுக்கு ஒரு அடையாளமாவது இருக்கா, சொல்லுங்க."

"இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

"அப்ப இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று சிரித்தார். வீட்டில் காட்டச் சொல்லி இன்னொரு புத்தகத்தையும் கையில் திணித்தார். பிணம்தின்னி இவ்வளவு மரியாதையாக நடந்து நான் பார்த்ததில்லை. அதைவிடக் கேவலம், நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அம்மா கடம்பத்தூரில் என்னோடுதான் இருக்கிறாள். வீட்டுக்குப் போனபோது கோணல் காலை நீட்டி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மறைக்க மனம் வரவில்லை. படத்தைக் காட்டி, எழுதியிருந்ததைப் படித்தேன்.

"எரும்மாடா?" என்று படத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். "எரும்மாடா இருந்திருந்தா ஊரே கூடிக்கினு காரை மறிச்சிருக்கும்டா. கூலிக்கு வந்தவதானேன்னு உட்டுட்டானுங்க. நீ இன்னா சொன்ன அவன்கிட்ட?"

"மாத்தச் சொன்னேம்மா. இடிச்சதுக்கு அடையாளம் கேக்குறான்."

"காருல இல்லியா? மூக்கு நல்லா ஒடுங்கிப்போச்சே. கீழ கெடந்துகினு நானே பாத்தேனே."

"இருந்துச்சும்மா. நான்தான் டொக்கு எடுத்துட்டேன். தேடினாலும் தெரியாது."

அவள் கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புடவையை முட்டிவரை ஒதுக்கி, அந்தக் காலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அப்டியே இதையும் எடுத்து உட்டுருடா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.